வண்டி சுத்தம் என்று சொன்னவன்

சாமி,

உனக்குத் தனியாக இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் ஓசூர் வரை போய், பிரிக்கப்படாமல் என் கைக்கே திரும்பி வந்தன. அந்த வருத்தத்தில் இதை நம் லாரி சங்கத்து மாத இதழில் போடச் சொல்லவில்லை. காரணம் வேறு. நீ ஓட்டிப்போன காரில் உன் அம்மா செத்துப்போன மறுநாள், உன்னை நான் தனியாகக் கூப்பிட்டுத் திட்டவில்லை. சொந்தபந்தம், சங்கத்துக்காரர்கள், பட்டறைக்காரர்கள் என்று நாமக்கல்லில் என்னைத் தெரிந்த அத்தனை பேரும் கூடி நின்ற இடத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். ஊரைக் கூட்டிப் பழித்துவிட்டு, மன்னிப்பை மட்டும் உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்புவது யோக்கியன் செய்கிற காரியம் இல்லை. அன்றைக்கு அங்கே நின்றவர்கள் எல்லோருடைய வீட்டுக்கும் இந்த இதழ் போகிறது. அவர்களும் படிக்கட்டும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் தபால்காரர் ஒரு பதிவுத் தபாலை நீட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். காரைத் தயாரித்த கம்பெனியிலிருந்து வந்திருந்தது. கம்பெனியின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் மேல் கோபப்படுவதற்கு முன்னால் கோபப்பட வேண்டிய ஆள் இங்கே ஒருவன் இருக்கிறான். கடிதம் முழுக்க இங்கிலீஷ். நல்லவேளையாக உன் தங்கை பிரியா அன்று திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் படித்துத் தமிழில் சொன்னாள். 'மதிப்பிற்குரிய உரிமையாளருக்கு' என்று ஆரம்பம். பல ஊர்களில் இருந்து வண்டியின் உரிமையாளர்கள் எழுத்து மூலம் கொடுத்த புகார்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்களாம். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு பிரேக்குக்கு உதவுகிற பம்பு சில வினாடிகள் நின்றுபோக வாய்ப்பு இருக்கிறதாம். அப்போது பெடல் இறுகிப்போய், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காதாம். வண்டியைக் கொண்டுவந்தால் அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றித் தருகிறார்களாம்.

பிரியா தாளை மடியில் வைத்துவிட்டு, "அண்ணன் இதையத்தானுங்கப்பா சொல்லுச்சு" என்றாள். எந்த வண்டியைக் கொண்டுபோய் மாற்றுவது? அது போலீஸ் ஸ்டேஷன் பின்புறத்தில் நசுங்கிய தகரமாக நிற்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், பீர்க்கங்கொடி ஒன்று அதன்மேல் ஏறியிருந்தது.

உரிமையாளர் என்று கம்பெனிக்காரன் என்னைக் கூப்பிட்டது தப்பில்லை. அந்தக் காரை நீ வாங்கி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெங்களூரில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கிய பழைய கார்தான், ஆனால் பழசு என்று யாரும் சொல்ல முடியாது. கருநீலம், இரண்டே கதவு, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நின்றது. ஐந்தாறு வருஷம் ஓசூரில் மெஸ் சாப்பாடு சாப்பிட்டுச் சேர்த்த காசு. நீ சின்னப் பிள்ளையில் லாரிக்குப் பதிலாக அந்த மாதிரிக் காரைத்தான் நோட்டு அட்டையில் வரைந்துகொண்டிருப்பாய். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மூணு லாரி நிக்கற இடத்துல இதென்றா எலிப்பொறியாட்ட?" என்றேன். உள்ளே ஏறி உட்கார முயன்றேன். ஒரு காலை விட்டால் தலை இடித்தது, தலையைக் குனிந்தால் வயிறு தடுத்தது. உன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "ஏறத் தெரியலைன்னதும் எலிப்பொறிங்கறாரு பாரு" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலமே ஆர்.சி. புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நம் வீட்டில் எந்த வண்டி வாங்கினாலும் அது என் பேரில்தான் இருக்க வேண்டும். கிளீனராக ஆரம்பித்து டிரைவராகி, முதல் லாரியை என் பேரில் எடுத்த நாளிலிருந்து என் பேருக்கு ராசி என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. நம்பிக்கை என்ன, நான் வைத்த சட்டம். மொபெட் வாங்கினபோதுகூட விடவில்லை. நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "உங்க பேர்லயே இருக்கட்டுங்கப்பா" என்றாய். முனியப்பன் கோயிலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி எடுத்தோம். உன் சம்பாத்தியத்தில் வந்த வண்டிக்கு நான் ஓனர் ஆனேன். அதனால் என்ன ஆகும் என்று அன்றைக்கு நம் இருவருக்கும் தெரியாது.

முதல் முறை நீ சொன்னது பொங்கலுக்கு வந்தபோது. சாப்பிட உட்கார்ந்தவன் இலையைப் பார்த்துக்கொண்டே, "தொப்பூர் இறக்கத்துல பெடல் கல்லாட்ட ஆயிருச்சுங்கப்பா. மிதிச்சா உள்ளயே போகல. ரெண்டு மூணு செகண்டு கழிச்சுத்தான் புடிச்சுது" என்றாய். நான் குழம்பைப் பிசைந்துகொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாமா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் லேசாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், முப்பது வருஷத்துப் பழக்கம். லாரித் தொழிலில் டிரைவர் வண்டியைக் குறை சொன்னால் ஓனர் காதில் அது வண்டியின் குறையாக விழாது. இடித்துவிட்டு வந்தவன் பிரேக் மேல் பழி போடுவான், நேரம் கடத்தியவன் கிளட்ச் மேல் பழி போடுவான் என்று எங்களுக்குள் ஓர் எண்ணம். அதற்கு ஒரு வழக்கமும் உண்டு. புகார் சொன்ன டிரைவரை நிறுத்திவைத்து, ஓனரே வண்டியை எடுத்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பான். திரும்பி வந்து 'வண்டி சுத்தம்' என்று சொல்லிச் சாவியை நீட்டினால் பேச்சு அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு டிரைவர் சாவியை வாங்கிக்கொண்டு ஏற வேண்டும், இல்லையென்றால் மேசைமேல் வைத்துவிட்டு வேலையை விட்டுப் போக வேண்டும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் என்னைப் போல இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவன் இந்த ஊரில் குறைவு.

பெரியசாமி என்று நம்மிடம் ஒரு டிரைவர் இருந்தாரே, உனக்குப் பத்து வயதிருக்கும்போது பலாப்பழம் கொண்டுவந்து கொடுப்பாரே, அவர் ஏன் நின்றுவிட்டார் என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய். நான் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். இறக்கத்தில் பிரேக் தளர்கிறது என்று வந்து சொன்னார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு மோகனூர் ரோட்டில் மேசை மாதிரி சமமான இடத்தில் ஓட்டினேன். நின்றது. சுத்தம் என்றேன். அவர் சாவியை வாங்கி என் மேசைமேல் வைத்தார். "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க முதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்து போனார். ஒரு மாதம் கழித்து அடுத்த டிரைவர் அதே வண்டியைத் தொப்பூரில் பிரேக் பிடிக்காமல் முதல் கியரிலேயே இறக்கிக் கொண்டுவந்து சேர்த்தான். கழற்றிப் பார்த்தால் பிரேக் லைனிங் பூராவும் எண்ணெய். சரி செய்தேன். ஆனால் பெரியசாமி வீட்டுக்குப் போய், நீ சொன்னது சரிதான் அய்யா என்று சொல்ல என் கால் எழவில்லை. அவர் வீடு நம் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அன்றைக்குப் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்குமோ என்னவோ.

இரண்டாவது முறை நீ சொன்னபோது என் கௌரவத்துக்கு அடி பட்ட மாதிரி இருந்தது. "சாவியக் கொண்டா" என்றேன். மார்கழிக் குளிர் போகாத ஒரு காலை. எப்படியோ உடம்பை மடக்கி உள்ளே உட்கார்ந்து, சேலம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். பத்து இடத்தில் அழுத்திப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நின்றது. சூடானால்தானே வரும் என்று நீ சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. தொப்பூர் இறக்கத்துக் கோளாறை மறுபடியும் நாமக்கல் சமவெளியில் தேடிவிட்டு வந்தேன். வாசலில் நீயும் அம்மாவும் நின்றிருந்தீர்கள். "வண்டி சுத்தம்" என்று சொல்லிச் சாவியை நீட்டினேன். பெரியசாமியால் சாவியை மேசைமேல் வைக்க முடிந்தது. பிள்ளையாகப் பிறந்தவன் எங்கே வைப்பான்? நீ வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய்.

மூன்றாவது முறைதான் பெரிய பாவம். கோயமுத்தூரில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போயிருந்தாய். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதே கார் வைத்திருப்பவர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், அதில் பலரும் இதே கதையைச் சொல்கிறார்கள் என்றாய். ஒவ்வொரு உரிமையாளரும் கையெழுத்துப் போட்டுப் புகார் அனுப்பினால் தலைமை ஆபீஸில் எடுத்துக்கொள்வார்களாம். டைப் அடித்த தாளை என் முன்னால் வைத்தாய். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருந்தாய். "ஆர்.சி. உங்க பேர்ல இருக்குதுங்கப்பா. நான் போட்டாச் செல்லாது. நீங்கதான் போடோணும்."

நான் அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை. "என்ற பேர்ல இருக்கற வண்டிய நானே சொத்தைன்னு எழுதிக் குடுக்கறதா? எந்த ஓனராச்சும் பண்ணுவானா?" என்றேன். வண்டியைப் பற்றி அதன் எதிரில் கெட்ட வார்த்தை பேசினாலே அது கோபித்துக்கொள்ளும் என்று நம்புகிற கூட்டம் நாங்கள். வாயால் சொல்வதே ஆகாது என்றால் எழுத்தில் கொடுப்பது எவ்வளவு அபசகுனம்! முப்பது வருஷம் என் வண்டி எதையும் நான் எழுத்தில் குறை சொன்னதில்லை என்று பெருமை வேறு பேசினேன். நீ தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். அம்மா காபி டம்ளரோடு வாசற்கால் ஓரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். காபி ஆறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு நீ காரை இங்கேயே தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்திவிட்டு, பஸ்ஸில் வந்து போக ஆரம்பித்தாய். நீ உன்னால் முடிந்ததைச் செய்துவிட்டாய். ஆபத்தான வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டாய். அத்தோடு விட்டிருந்தால் அவள் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. சங்கத்தில் ஒருத்தர், "என்னுங்க, உங்க பையன் காரு தார்ப்பாய்க்குள்ள முட்டைக்கு உக்காந்திருக்குதா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தக் கிண்டல் எனக்குள்ளேயே கிடந்தது. போன ஆவணியில் சேலம் அம்மாபேட்டையில் உன் பெரியம்மா வீட்டுப் புதுமனை புகுவிழா வந்தபோது, நான் லாரியை எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் காட்டப் போக வேண்டியிருந்தது. நீ பஸ்ஸில் போவதாகச் சொன்னாய். "சொந்தக்காரங்க அத்தன பேரும் வருவாங்க. அந்தக் கார எடுத்துட்டுப் போ. வாங்கி வெச்சு வேடிக்கை பாக்கறதுக்கா?" என்றேன். நீ போய்த் தார்ப்பாயை உருவினாய்.

நான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் லாரியின் பிரேக்கை அழுத்திக் காட்டிக்கொண்டிருந்த மத்தியானத்தில், நீ சேலத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாய். நல்ல வெயில். வண்டி நன்றாகச் சூடேறியிருந்திருக்கும். ஆண்டகளூர் கேட் தாண்டி, கோழித் தீவன மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கத்து ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் ஏறியது. நீ மிதித்தாய். பெடல் கல்லாக இருந்தது. வலப்பக்கம் ஒடித்துத் தப்பப் பார்த்தாய். டிரெய்லரின் மூலை இடப்பக்கத்தைக் கிழித்தது. அந்தப் பக்கம் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

உன் தோள் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, வராந்தாவில் போலீஸ்காரர் என்னிடம் வந்தார். "பையன் வண்டி எப்படிங்க ஓட்டுவாரு?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். "வேகமாத்தானுங்க ஓட்டுவான். அதுக்குத்தானே அந்த வண்டிய வாங்கினான்" என்றேன். எழுதினார். கையெழுத்துக் கேட்டார். போட்டேன். உன் புகாரில் போட மறுத்த அதே கையெழுத்தை, உனக்கு எதிராகப் போட எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தயக்கம் வரவில்லை. அஜாக்கிரதையாக ஓட்டி உயிர்ச்சேதம் செய்ததாக உன்மேல் இன்றுவரை நடக்கிற வழக்குக்கு என் வாக்குமூலம்தான் முதுகெலும்பு என்று வக்கீல் சொல்கிறார்.

அதற்கு அடுத்த நாளைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். சுடுகாட்டு வாசலில், தோளில் கட்டோடு, மொட்டை அடித்த தலையோடு நீ வந்து நின்றாய். "அம்மாவுக்கு நாந்தானுங்கப்பா வெக்கோணும்" என்றாய். "கொன்னவன் கையில கொள்ளியா?" என்று நான் கத்தினேன். என் தம்பி மகனைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன். யாரோ என் தோளைப் பிடித்து, "புள்ளைங்க, விடுங்க" என்றார்கள். உதறினேன். நீ இரும்புக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாய். புகை எழும்பும்வரை நின்றாய். நாங்கள் திரும்பி வரும்போது நீ அங்கே இல்லை. பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்கிற உரிமையை ஒரே மகனிடமிருந்து பிடுங்கியவன் நான். இதற்கு மன்னிப்பு என்ற சொல் காணாது என்று எனக்குத் தெரியும்.

நீ யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று போலீஸிடம் சொன்னாயே தவிர, அப்பா கையெழுத்துப் போட மறுத்தார் என்றோ, அப்பாதான் எடுத்துப் போகச் சொன்னார் என்றோ நீ வாயைத் திறக்கவே இல்லை. உன் மௌனத்தை நான் குற்றத்தை ஒப்புக்கொண்ட மௌனம் என்று எடுத்துக்கொண்டேன். கம்பெனிக் கடிதம் வந்த அன்று பிரியா உன் கார்க் குழுவில் நீ எழுதியிருந்ததை எல்லாம், குழுவில் இருந்த ஒருவரிடம் கேட்டு வாங்கிக் காட்டினாள். விபத்துக்கு முன்னால், புகார் எப்போது வரும் என்று அவர்கள் கேட்கக் கேட்க, 'அப்பா லோடு விஷயமாக வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் போட்டுவிடுவார்' என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாய். நான் எங்கேயும் போகவில்லை, சாமி. கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியாத மனிதர்கள் முன்னால்கூட உன் அப்பனை நீ விட்டுக்கொடுக்கவில்லை. விபத்து முடிந்து எட்டாம் நாள் கடைசியாக எழுதியிருக்கிறாய். 'சூடான பிறகு பெடல் இறுகுகிற வண்டியை நம்பாதீர்கள். வீட்டில் யாரையும் அதில் ஏற்றாதீர்கள். நான் ஏற்றினேன்.' அதற்குப் பிறகு அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டாய். அதைப் படித்துவிட்டுத்தான் அந்தக் குழுவில் இருந்த பலரும் தலைமை ஆபீஸை விடாமல் நெருக்கியிருக்கிறார்கள் என்று பிரியா சொன்னாள்.

அடுத்த நாள் ஆர்.சி. புத்தகத்தைத் தேடினேன். வண்டிக் காகிதங்கள் வைக்கிற ரெக்ஸின் பையில் இருந்தது. அதற்குள் நீ டைப் அடித்த அந்தப் புகார்த் தாள் நான்காக மடித்து வைத்திருந்தது. கூடவே ஒரு பேனா செருகியிருந்தது. உன் அம்மாவுடையது, பால் கணக்கு எழுதுகிற பச்சைப் பேனா. என்றைக்காவது நான் பையைத் திறப்பேன், தாளைப் பார்ப்பேன், அந்த நேரம் பேனா இல்லை என்று ஒரு சாக்குச் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறாள். என் குணம் அவளுக்குத் தெரியாதா? நீ வைத்த பென்சில் புள்ளிமேல் கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாகவே எழுதியது. அந்தத் தாளையும் கம்பெனிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போனேன். பழைய வாக்குமூலம் என் ஆத்திரத்தில் சொன்னது, பையன் மூன்று தடவை கோளாறைச் சொன்னான், புகாரில் கையெழுத்துப் போட மறுத்தது நான், நிறுத்தி வைத்த காரை எடுக்கச் சொன்னதும் நான் என்று எழுதிக் கொடுத்தேன். "இது உங்களுக்கே இடைஞ்சலா வரலாமுங்க" என்றார் அங்கிருந்தவர். வரட்டும் என்றேன். கோர்ட்டிலும் கூண்டேறிச் சொல்லப் போகிறேன்.

பெரியசாமி வீட்டுக்கும் போனேன். இருபது வருஷம் தாமதம். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அத நான் அன்னைக்கே மறந்துட்டனுங்க முதலாளி. தம்பிகிட்டப் போயிச் சொல்லுங்க" என்றார்.

உனக்கு இனி நான் என்ன புத்தி சொல்வது? ஆனாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. உனக்கும் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும். ஒரு நாள் அது உன்னிடம் வந்து 'பயமா இருக்குதுங்கப்பா' என்று சொல்லும். அது காராக இருக்கலாம், பள்ளிக்கூடமாக இருக்கலாம், மனிதனாக இருக்கலாம். நீ ஓட்டிப் பார்க்கப் போகாதே. உனக்கு நன்றாக ஓடுகிற வண்டி அதற்கு ஓடாமல் போகும். சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து முழுசாகக் கேள். இந்த இதழைப் படிக்கிற ஓனர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். வருகிற ஆவணியில் அம்மாவுக்கு வருஷத் திதி. நீதான் செய்ய வேண்டும் என்று அய்யரிடம் சொல்லிவிட்டேன். வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. நீ வராவிட்டால் அன்றைக்கு யாரும் செய்யப் போவதில்லை, உன் இடத்தில் இன்னொருத்தனை ஒருமுறை நிறுத்தியதே போதும்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். 'நான் ஏற்றினேன்' என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? முட்டிவலி என்று படுத்திருந்தவளை, 'பெரியம்மா கேப்பாங்க, வாம்மா' என்று நீதான் வற்புறுத்தி அழைத்துப் போனதாகப் பிரியாவிடமும் சொல்லி அழுதாயாம்.

அன்று காலை நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து நின்றாள். "ஏனுங்க, அந்த வண்டி வேண்டாமுங்க. தம்பி பஸ்ஸுலயே போயிட்டு வரட்டும்" என்றாள். "நான் ஓட்டிப் பாத்தாச்சு. வண்டி சுத்தம்" என்றேன். "நீங்க ஓட்டிப் பாத்தீங்க. அவன் பொய் சொல்ற புள்ளைங்களா?" என்றாள். நான் துண்டை உதறினேன். "அப்படீன்னா நானும் கூடப் போறேனுங்க. பயந்துக்கிட்டு ஓட்டற புள்ளயத் தனியா உடக் கூடாது" என்றாள். "முட்டி வலிக்குதுன்ன?" என்றேன். "அது கெடக்குதுங்க. நானாத்தான் வாரேன்னு அவன்கிட்டச் சொல்லீராதீங்க. சங்கடப்படுவான்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் நீ அவளைக் கூப்பிட்டாய். அவளும், "இத்தன கூப்பிடறயே, சரி" என்று உனக்காக இறங்கி வருகிற மாதிரி நடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

அந்த வீட்டில் உன்னை ஒருத்தரும் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்காதே. நம்பினவள் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நீ ஏற்றவில்லை, சாமி. அவளாகத்தான் ஏறினாள்.

இப்படிக்கு,
அந்த வண்டியின் ஓனர்,
உன் அப்பா.